நடந்து போகும் தூரம்

பதினொரு மாடிக் குடியிருப்பின் உச்சியில் நின்றுகொண்டிருந்தபோது அக்காவின் விசில் கேட்டது.

அது அக்காவுடையதுதான். மற்றவர்கள் ஒரு தடவை ஊதி நிறுத்துவார்கள். அக்கா ஊதி முடித்து, அது போதாது என்று வால் மாதிரி இன்னொரு சின்ன ஊதல் சேர்ப்பாள். கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே தெரு. தெருவுக்கு அப்பால் கால்வாய். கால்வாயின் மறுகரையில் மாவு மில்லின் தகரக் கூரை. அதற்குப் பின்னால் பழுப்பாக ஒரு திறந்த வெளி. அதில் மஞ்சள் பனியன்கள் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தன.

நான் நகராட்சியின் பூங்காப் பிரிவில் இளநிலை உதவியாளர். படித்தது தாவரவியல். அந்தக் கட்டடத்தின் மாடியில் வரைபடத்தில் காட்டிய செடித்தொட்டிகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். தொட்டிகள் இருந்தன. செடிகள் பாதிக்குமேல் காய்ந்திருந்தன. அதை எழுதிக்கொள்ளாமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகக் கணக்கில் அந்த மைதானம் இங்கிருந்து ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் ஊதுகிற விசில் இவ்வளவு தெளிவாகக் கேட்காது.

பூங்காவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. ஏன் வரவில்லை என்றுதான் கேட்பார்கள். வீட்டு வரி வருகிறது. அது சம்பளத்துக்கும் குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் போகிறது. மிச்சத்தை உடைந்த குழாய்கள் தின்றுவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சினால் பூங்கா. மிஞ்சியதாக எங்கள் பிரிவில் யாருக்கும் நினைவில்லை. அரசு மானியம் உண்டு. ஆனால் பாதியை நீங்கள் போடுங்கள், மீதியை நாங்கள் தருகிறோம் என்பார்கள். பாதி இருந்தால் நாங்கள் ஏன் அவர்கள் வாசலில் நிற்கிறோம்?

கடைசியாக ஒரு வழி இருக்கிறது. பெரிய குடியிருப்புகளைக் கட்டுகிறவர்கள் அனுமதி வாங்கும்போதே நகராட்சியின் பூங்கா நிதிக்கு ஒரு தொகை கட்டவேண்டும். புதிதாக இத்தனை குடும்பங்கள் வருகின்றன, அவர்களுடைய பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்துக்கு இரண்டு நிபந்தனைகள். ஆறு வருடத்துக்குள் பணத்தை ஒரு பூங்காவுக்கோ மைதானத்துக்கோ ஒதுக்கித் தீர்மானம் போடவேண்டும். தவறினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இடம், கட்டடத்தின் வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கவேண்டும்.

நான் நின்றிருந்த கட்டடத்தின் கெடு அந்த மாதத்தோடு முடியவிருந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் நகராட்சிக்கு நிலம் இல்லை, பணத்தைத் திருப்பிவிடலாம் என்று வியாழக்கிழமை மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வரவிருந்தது. அடுத்த தீர்மானம் மில்லுக்குப் பின்னால் உள்ள மைதானத்தைப் பற்றியது. மழை பெய்தால் மாதக்கணக்கில் சேறாகக் கிடக்கிறது, சரிசெய்யப் பணமும் இல்லை, லாரிகள் நிறுத்த வாடகைக்கு விட்டால் வருமானமாவது வரும்.

லாரி வந்துவிட்டால் அக்காவின் கால்பந்துப் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு உண்டு, மைதானம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து நான்கு வருடமாக அந்தச் சேற்றில்தான் ஓடவைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போனபோது அக்கா குளியலறையில் உட்கார்ந்து பந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். லாரிக்கு எப்போ வரவேற்பு?"

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதற்குள் அக்கா இரண்டு பந்தைக் கழுவிவிட்டாள்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஒருத்தி கத்தியே உயிரை வாங்குறா. இன்னொருத்தி வாயைத் தொறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். ரெண்டு பேரையும் ஒண்ணாக் கலக்கி பாதிப் பாதியாப் பிரிச்சிருக்கலாம்."

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

மறுநாள் காலை ஜீப் டிரைவரைத் தேடிப் போனேன். வண்டியின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதான ஜீப். அவர் அதைத் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் புதிதாக வாங்கியது என்று நினைக்கத் தோன்றும்.

"அண்ணே, மில் மைதானம் புதுக் கட்டடத்துல இருந்து எவ்வளவு தூரம்னு யார் அளந்தது?"

"வேற யாரு? நான்தான். ரெண்டு புள்ளி நாலு." துணியை உதறினார். "ஏன், சந்தேகமா? என் மீட்டர் பொய் சொல்லாதும்மா. உங்க சார் சொல்லலாம், நான் சொல்லலாம். அது சொல்லாது."

"எந்த வழியாப் போனீங்க?"

"அந்தத் தெரு ஒன்வே. இடது பக்கம் திரும்பி, ரவுண்டானாவைச் சுத்தி, பெரிய பாலம் ஏறி இறங்கி, யு டர்ன் போட்டு வரணும். வேற வழி?"

"நடைபாலம் இருக்கேண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜீப்பை நடைபாலத்துல ஏத்தச் சொல்றியா?"

எங்கள் பிரிவில் எந்தத் தூரத்தையும் ஜீப்தான் அளக்கும். வழக்கம் அப்படி. எங்கள் மேலாளர் சார் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். டிரைவர் மீட்டரைப் படிப்பார். சார் குறித்துக்கொள்வார். விதியில் 'நடந்து' என்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். நடப்பதற்கென்று யாரும் இறங்கியதில்லை.

சாலைப் பிரிவில் ஒரு கருவி இருக்கிறது. நீளமான கைப்பிடி, அதன் நுனியில் ஒரு சக்கரம். உருட்டிக்கொண்டு நடந்தால் அதிலுள்ள சிறிய மீட்டர் தூரத்தைக் காட்டும். அதை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் அளந்தேன். கட்டட வாசலில் தொடங்கி, தெரு முடிய நடந்து, கால்வாய்மேல் உள்ள நடைபாலத்தைக் கடந்து, மில் சந்து வழியாக மைதானத்தின் பக்கவாட்டுக் கதவு வரைக்கும். கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கதவு பூட்டியிருந்தது. சந்து வழியாக உள்ளே நுழைந்து ஸ்கூட்டர்கள் குறுக்கே போகின்றன என்று எங்கள் பிரிவுதான் பூட்டியது. கம்பிகள் தெரியாத அளவுக்குக் கோவைக்கொடி படர்ந்திருந்தது. அங்கிருந்து மில்லின் சுவரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனால் கிலோமீட்டர் தாண்டிவிடும். அதையும் அளந்து பார்த்தேன். நன்றாகவே தாண்டியது.

எங்கள் பிரிவு மேலாளருக்கு 'பார்ப்போம் சார்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். அவர் கெட்டவர் இல்லை. எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல மனம் வராது, சரி என்று சொல்லத் துணிச்சல் வராது. இரண்டுக்கும் நடுவில் அந்த வார்த்தை.

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இத்தனை வருஷமா ஜீப்லயே போயிருக்கோம்," என்றார் தனக்குத்தானே.

"கதவு பூட்டியிருக்கு சார். கூட்டத்துக்கு முன்னாடி சாவி கிடைச்சா நல்லது."

"பார்ப்போம்."

வியாழக்கிழமை மன்றக் கூடத்தில் பார்வையாளர் வரிசை நிரம்பியிருந்தது. மஞ்சள் பனியனோடு பிள்ளைகள் வந்திருந்தார்கள். நடுவில் அக்கா. அவர்களுக்கு முன்வரிசையில் கட்டட நிறுவனத்தின் வக்கீல், நரைத்த கிராப்பு வெட்டிய ஒரு பெண், தனியாக உட்கார்ந்திருந்தார்.

பணத்தைத் திருப்பும் தீர்மானத்தை நகராட்சித் தலைவர் எடுத்தார். அவர் அரிசி மண்டி நடத்தியவர். பேச்சும் மண்டிப் பேச்சுதான். "யாருக்காவது சொல்றதுக்கு இருக்கா? இல்லேன்னா அடுத்ததுக்குப் போகலாம்."

மேலாளர் எழுந்தார். "தலைவரம்மா, எங்க பிரிவுல இருந்து ஒரு சின்ன விஷயம். இந்தப் பொண்ணு சொல்லும்."

அதை அவர் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. எழுந்து நின்றேன். எல்லா நாற்காலிகளும் என் பக்கம் திரும்பின. சொல்லவேண்டியது முழுக்கத் தலைக்குள் இருந்தது. தொண்டைக்கு வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. கையில் சக்கரம் இருந்தது. அதைப் பார்த்தேன்.

"நடந்து காட்டட்டுமா?" என்றேன்.

"என்னம்மா? காதுல விழலை."

பின்னாலிருந்து அக்கா எழுந்தாள். "நடந்து காட்டட்டுமான்னு கேக்குறா!"

தலைவர் கண்ணைச் சுருக்கினார். "நீங்க யாரு?"

"அவளோட ஸ்பீக்கருங்க."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. விதியில் உள்ளது நடந்து போகும் தூரம், நாங்கள் எழுதியது ஜீப் போன தூரம் என்று மட்டும் சொன்னேன். தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"வக்கீலம்மா என்ன சொல்றீங்க?"

"விதி நடக்கச் சொல்லுது. நடந்து பார்க்கட்டும். நானும் கூட வரேன்," என்றார் வக்கீல். "ஆனா நான் சொல்ற மாதிரி அளக்கணும். ஒரு அடி ஏமாத்தினாலும் ஒத்துக்கமாட்டேன்."

கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு எல்லோரும் தெருவில் இறங்கினோம். அந்தக் கட்டடம் அதே தெருவின் கோடியில்தான் இருந்தது. அதன் வாசல் கோட்டில் சக்கரத்தை வைத்து மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். வக்கீல் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. மேலாளர் பழக்கதோஷத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"நீங்க மெதுவா வாங்க," என்றார் டிரைவர். "நாங்க போய் டீ சொல்லி வைக்கிறோம்."

நடந்தோம். சக்கரம் டிக் டிக்கென்று உருண்டது. சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரோடு வெளியே வந்தார்.

"என்னம்மா, ரோடு போடப்போறீங்களா?"

"இல்லண்ணே. தூரம் அளக்குறோம்."

"அளந்து?"

"மைதானம் போடப்போறோம்!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார். தையற்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பல் டாக்டரிடம் காத்திருந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடியே வந்தார். குடியிருப்பின் பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிலர் இறங்கி வந்தார்கள். திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தெருவோரம் ஒரு தள்ளுவண்டி நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சக்கரத்தை நுழைக்கப் பார்த்தேன்.

"சுத்தி வாம்மா," என்றார் வக்கீல். "தள்ளுவண்டி நிக்குற இடத்துல ஜனங்க சுத்தித்தான் போவாங்க."

சுற்றினேன். அந்தச் சில மீட்டர்களும் கணக்கில் ஏறின. நடைபாலத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டியிருந்தது. பாலம் லேசாக அதிர்ந்தது. மில் சந்தில் மாவு வாசனை. கடைசியில் அந்தப் பச்சைக் கதவு.

சக்கரத்தை நிறுத்தினேன். தொள்ளாயிரத்து நாற்பத்தாறு மீட்டர்.

பின்னால் கைதட்டல் கிளம்பியது. வக்கீல் கையை உயர்த்தினார். கொடியை விலக்கிப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது வாசல் இல்லம்மா. பூட்டின கதவு. இது வழியா யாரும் உள்ள போகமுடியாது. முன்வாசல் எங்க?"

கைதட்டல் நின்றுவிட்டது.

"இப்படியே சுத்திப் போகணும்," என்றேன்.

"அப்போ எவ்வளவு வரும்?"

"கிலோமீட்டர் தாண்டிடும்."

அக்கா முன்னால் வந்தாள். "எங்க பிள்ளைங்க தினமும் இது வழியாத்தான் வராங்க. ஏறிக் குதிச்சு. காட்டட்டுமா?"

"ஏறிக் குதிச்சா அது நடந்ததாகாதுங்க." வக்கீல் சிரிக்கவில்லை. ஆனால் அவர் குரலில் எங்களைத் தோற்கடித்த சந்தோஷமும் இல்லை.

தலைவர் சந்துச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "சாவி யார்கிட்ட இருக்கு?"

"சார்கிட்டக் கேட்டிருந்தேன்," என்றேன். மேலாளர் இன்னும் வந்து சேரவில்லை. மில் இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் தோளில் கை போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது சந்து முனையில் ஹாரன் கேட்டது. ஜீப் வந்து நின்றது. மேலாளர் இறங்கினார். இத்தனை பேர் ஏற்கனவே நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"வந்துட்டீங்களா எல்லாரும்? ரவுண்டானாவுல ஒரே நெரிசல்..."

"டீ சொல்லியாச்சா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

சந்து முழுக்கச் சிரித்தது. தலைவர் சுவரிலிருந்து நிமிர்ந்து சிரித்தார். வக்கீல்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், சாவி," என்றேன்.

மேலாளர் முகம் விழுந்துவிட்டது. சட்டைப் பையைத் தொட்டார், பேன்ட் பையைத் தொட்டார். இல்லாத சாவியைத் தேடுகிறவரின் கை. "நான்... பார்ப்போம்னு..."

டிரைவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜீப்புக்குத் திரும்பிப்போய், சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்துவந்தார். அதில் கொத்துக் கொத்தாகச் சாவிகள். நகராட்சியில் உள்ள எல்லாப் பூங்காவின் சாவியும், கழிப்பறைச் சாவியும், பம்ப் அறைச் சாவியும்.

"ஏன்யா, இது உங்கிட்டயா இருந்துச்சு?" என்றார் மேலாளர்.

"பூட்டச் சொன்னது நீங்க. இறங்கிப் பூட்டினது நான்தானே சார்? அப்புறம் யாரும் திருப்பிக் கேக்கலை."

முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவது திரும்ப ஆரம்பித்து நின்றது. ஜீப்பிலிருந்து எண்ணெய்க் கேனை எடுத்து வரச்சொல்லி பூட்டுக்குள் ஊற்றினார். கொஞ்சம் காத்திருந்தார். மறுபடி திருப்பினார்.

பூட்டு வாயைத் திறந்தது.

கதவு அசையவில்லை. கொடி இறுக்கிப் பிடித்திருந்தது. தண்டு தரையைத் தொடுகிற இடம் எனக்குத் தெரியும். அங்கே அறுத்தால் மேலே உள்ளது வரும். தையற்கடைக்காரர் கத்தரிக்கோல் நீட்டினார். அறுத்தேன். மஞ்சள் பனியன்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டன. அக்கா விசிலை வாயில் வைத்தாள். ஊதினாள். வாலையும் சேர்த்து ஊதினாள். எல்லோரும் இழுத்தார்கள். கதவு கிரீச்சிட்டுக்கொண்டு திறந்தது.

சக்கரத்தைத் தூக்காமல், நிறுத்திய இடத்திலிருந்தே உருட்டி, கதவைத் தாண்டி மைதானத்துச் சேற்றுக்குள் நிறுத்தினேன். வக்கீல் குனிந்தார். சேறு அவர் ஷூவுக்கு மேல் ஏறியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

"தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது."

அந்தச் சத்தத்தில் மில் இயந்திரம் கேட்கவில்லை. பிள்ளைகள் சேற்றில் குதித்தார்கள். பல் வலிக்காரர் கன்னத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினார். மறுகரையில் பால்கனிகளிலிருந்து யாரோ தட்டுகளைத் தட்டுவது கேட்டது.

"எங்க கம்பெனிக்கு நான் சொல்லிடுறேன்," என்றார் வக்கீல். "பணம் இங்கேயே இருக்கட்டும்." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "உங்க மீட்டர்ல எவ்வளவு?"

"ரெண்டு புள்ளி நாலு," என்றார் டிரைவர் நெஞ்சை நிமிர்த்தி. "அது பொய் சொல்லாதும்மா."

கூடத்துக்குத் திரும்பும்போது மேலாளர் ஜீப்பில் ஏறவில்லை. எங்களோடு பாலத்தில் நடந்து வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இது இவ்வளவு கிட்டயா இருக்கு," என்று இரண்டு தடவை சொன்னார்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வேலைக்கு வந்தார். "சரி. இந்தப் பணத்துல வடிகால் போடலாம், மண்ணு கொட்டலாம், விளக்கு நடலாம். ஆனா இந்த நிதியை மைதானம் கட்டுறதுக்குத்தான் தொடலாம், நடத்துறதுக்குத் தொடக்கூடாது. அப்புறம் வருஷா வருஷம் கரென்ட்டுக்கும் காவலுக்கும் யாரு குடுப்பா? லாரின்னா வாடகையாவது வரும்."

உறுப்பினர்கள் சிலர் தலையாட்டினார்கள். மேலாளர் எழ முயன்றார். நான் முன்பே எழுந்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கம்பெனி டீம்களுக்கு வாடகைக்கு விடலாம்," என்றேன். "ஊருல விளக்கு வெச்ச மைதானம் வேற இல்லை. ஆளுங்க பக்கத்து ஊருக்குப் போய் காசு குடுத்து விளையாடுறாங்க. அந்த வாடகை கரென்ட்டுக்கும் காவலுக்கும் போதும். மத்த நாள் சாயங்காலம் பிள்ளைங்களுக்கு இலவசம். அந்த ரெண்டாவது வரியையும் தீர்மானத்துல எழுதணும். இல்லேன்னா நாளைக்கு எல்லா நாளையும் வாடகைக்கு விட்டுடுவீங்க!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"கேக்குது, கேக்குது," என்றார் தலைவர். "மெதுவாவே சொல்லும்மா. நான் பக்கத்துலதான் இருக்கேன்." அவர் உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "பொண்ணு சொன்ன ரெண்டு வரியையும் சேர்த்து எழுதிக்குங்க. ஒத்துக்குறவங்க கையைத் தூக்குங்க."

ஒவ்வொன்றாக எழுந்த கைகள் பிறகு மொத்தமாக எழுந்தன. பார்வையாளர் வரிசையில் ஓட்டே இல்லாத மஞ்சள் பனியன்களும் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றை யாரும் இறக்கச் சொல்லவில்லை. லாரித் தீர்மானத்தைத் தலைவர் படிக்காமலேயே ஒதுக்கி வைத்தார்.

அன்று வீட்டில் அக்கா தொண்டை கட்டிப் பேசமுடியாமல் படுத்திருந்தாள். நடந்ததையெல்லாம் நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அம்மா குறுக்கே பேசவில்லை. "பிரிச்சாச்சு போலிருக்கே," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மழைக்குள் மைதானம் தயாராகிவிட்டது. முதல் ஆட்டத்தன்று காலையில் நல்ல மழை. நான் குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் தேங்கும், தேங்கும் என்று பயந்துகொண்டே நின்றேன். மண் அதை உறிஞ்சிக்கொண்டது. மிச்சம் வடிகாலில் சலசலவென்று ஓடியது. மாலையில் தரை ஈரமாக இருந்தது. சேறு இல்லை.

பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஸ்கூட்டர் நுழையாதபடி நடுவில் இரண்டு கம்பம் நட்டிருந்தோம். கட்டடத்துப் பிள்ளைகள் பாலம் தாண்டி ஓடிவந்தார்கள். அவர்களில் சிலருக்கும் இப்போது மஞ்சள் பனியன். டிரைவர் ஜீப்பை மறுகரையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். இடுப்பில் சாவி வளையம் ஆடியது. அந்தப் பழைய சாவியும் அதில் இருந்தது.

"பூட்டையே தூக்கிப் போட்டாச்சேண்ணே. சாவி எதுக்கு?"

"கட்டடக்காரங்க அவங்க பங்கைக் குடுத்தாங்கல்ல?" சாவியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். "இது என் பங்கு."

உள்ளே அக்கா கையை உயர்த்தினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. விசில் சத்தம் எழுந்தது, அதன் பின்னால் வாலும் வந்தது. பதினொரு மாடிக்கும் கேட்டிருக்கும்.